வருத்தத்தின் பெயர்

நம்மவர் வீடுகளில் சில சொற்கள் உரத்துச் சொல்லப்படுவதில்லை. அவற்றுள் ஒன்று புற்றுநோய். 'கூடாத வருத்தம்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வோம். அதுவும் நோயாளியின் செவியில் விழாதபடி பார்த்துக்கொள்வோம். இதற்குக் காரணம் அன்பே என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அன்பு நோயாளிக்கு உதவுகின்றதா என்பதே நான் இங்கு எழுப்ப விரும்பும் வினா.

என் தந்தையார் வடமராட்சியில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியராயிருந்தவர். வெற்றிலைப் பழக்கம் உடையவர். புகையிலை சேர்ப்பதில்லையாதலால் தீங்கில்லை என நம்பியிருந்தார். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை விளைக்க வல்லது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2003இலேயே தீர்மானித்திருந்தது. அச்செய்தி எங்கள் வெற்றிலைத் தட்டை வந்தடையவில்லை. 2018இல் அவருடைய கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண்ணொன்று கண்டது.

பரிசோதனையின் முடிவு முதலில் எனக்கே சொல்லப்பட்டது. "சொன்னால் மனிசன் உடைஞ்சு போவார்" என்று உறவினர் தடுத்தனர். அன்று மாலையே தந்தையார் என்னை அழைத்தார்.

"தம்பி, ஒளிக்காமல் சொல்லு. எனக்கு என்ன வருத்தம்?"

"புற்றுநோய், ஐயா."

சற்றுநேரம் முற்றத்தைப் பார்த்தபடி இருந்தவர், "எத்தனை கிழமை வைத்தியம்?" என்று கேட்டார்.

சத்திர சிகிச்சையின் பின், வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்து மகரகமைக்குச் சென்று வந்தோம். கிழமைக்கு ஐந்து நாளாக ஆறு கிழமை கதிர்ச் சிகிச்சை. அத்துடன் கிழமைக்கொருமுறை நாளத்தினூடாக ஏற்றப்படும் சிஸ்பிளாற்றின் என்னும் மருந்து. பிளாற்றினம் மின்வாய்களிலிருந்து பிறந்த சேர்வைகள் பற்றீரியாக்களின் பிரிவைத் தடுப்பதை அமெரிக்க அறிஞர் பார்னற் றோசன்பேர்க் 1965இல் அறிவித்தார். அவ்வழி வந்ததே இம்மருந்து. விரைந்து பிரியும் கலங்களை அது தாக்கும். என்புமச்சையின் கலங்களும் அத்தகையனவே. புற்றுநோய்க் கலத்துக்கும் அவற்றுக்குமிடையே அது நன்கு வேறுபாடு காண்பதில்லை.

மூன்றாம் கிழமை வெண்குருதிக்கலங்கள் குறைந்தன. அக்கிழமை மருந்து ஏற்றப்படவில்லை. நான்காம் கிழமை காய்ச்சல் வந்தது. வெண்குருதிக்கலங்கள் குறைந்திருக்கையில் வரும் காய்ச்சல் விரைந்து உயிரையும் பறிக்கக்கூடியது. ஆகவே உடனே விடுதியில் சேர்த்தனர். பின்னர் வாயெங்கும் புண். தண்ணீரும் விழுங்க இயலாமையால் மூக்கு வழியே குழாயிட்டு உணவூட்டினோம். வகுப்பறையை நிறைத்த குரல் அடங்கிற்று.

இத்தருணங்களிலேதான் உண்மையின் பயனை நான் கண்டேன். மருந்தை ஒத்திவைத்தபோது, வைத்தியர் கைவிட்டனர் என்று வீட்டார் கலங்கினர். தந்தையார் கலங்கவில்லை, இது மருந்தின் இயல்பு என்பதை முன்னரே கேட்டறிந்திருந்தார். குருதிப் பரிசோதனையின் எண்களை அப்பியாசக் கொப்பியொன்றிற் கோடிட்டுக் குறித்துவந்தார், மாணவர் புள்ளிகளைக் குறித்த அதே கையெழுத்தில். எங்களைத் தேற்றும் சொற்களையும் அதே கொப்பியிலேயே எழுதிக் காட்டினார். நோயின் பெயரையே மறைத்திருந்தால், ஒவ்வொரு பின்னடைவுக்கும் ஒரு புதிய பொய்யைத் தேடியிருக்க வேண்டும். அவரும் எங்கள் முகங்களைப் பார்த்தே தம் நிலையை ஊகித்திருப்பார்.

2019இல் கழுத்தில் நோய் மீண்டும் தோன்றியது. இன்னுமொரு சுற்று வைத்தியம் செய்யலாம், பயன் சிறிதே என்றார் வைத்தியர். முடிவு தந்தையாருடையதாயிற்று. ஊருக்குத் திரும்புவோம் என்றார். தெல்லிப்பழையில் 2013இல் புற்றுநோய் வைத்தியசாலை அமைந்திருந்தமை எங்களுக்கு வாய்த்தது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் நடந்து திரட்டிய பணம் அதற்கு உதவியிருந்தது. நோவைத் தணிக்கும் மருந்து அங்கே கிடைத்தது. இறுதி மாதங்களைத் தம் வீட்டிலே, தம் மாணவர் வந்துபோகக் கழித்தார். 2020 தை மாதத்தில் மறைந்தார்.

உண்மையைச் சொன்னதனால் அவர் ஆயுள் நீண்டது என்று நான் கூறமாட்டேன். எஞ்சிய நாட்களை எவ்வாறு கழிப்பதென்ற உரிமை அவரிடமே இருந்தது. எல்லா நோயாளரும் எல்லாவற்றையும் அறிய விரும்புவதில்லை என்பதும் மெய். கேளாதவரிடம் வற்புறுத்திச் சொல்வது கொடுமை. ஆனால் கேட்பவரிடம் மறைப்பது, அவருடைய வாழ்வை அவரிடமிருந்து எடுத்துக்கொள்வதாகும். பெற்றோர் நம்மைப் பார்த்து, "எனக்கு என்ன வருத்தம்?" என்று வினவும் நாளில் உறவினரைக் கலந்து விடை தேடவேண்டாம். பக்கத்தில் அமர்ந்து, அவ்வருத்தத்தின் பெயரைச் சொல்வோம். சொல்லியபின் எழுந்து போகாதிருப்போம்.