இடிபாடு ஏற்றும் வேலையும் நலவாரிய அட்டையும்

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பிய சகோதரர்கள், அங்கே கட்டடங்களின் முன் பெரிய இரும்புப் பெட்டிகள் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். இடிபாடுகளைப் போடுவதற்காக அவற்றை வாடகைக்கு எடுப்பார்கள். நிரம்பியதும் லாரி வந்து தூக்கிச் செல்லும். நமது கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் அந்த வேலையை டிராக்டர் டிப்பரும் மினி லாரியும் செய்கின்றன. ஒரு பழைய வீட்டை இடித்தால் ஓட்டுநர், லோடுமேன், ஜேசிபி ஆபரேட்டர் எனப் பலருக்குக் கூலி கிடைக்கிறது.

இந்த வேலை குறையப்போவதில்லை. இடிபாடுகளைச் சாலையோரத்திலும் வடிகாலிலும் கொட்டக்கூடாது என்று 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் கூறின. 2025இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள், 2026 ஏப்ரல் 1 முதல் பெரிய கட்டடத் திட்டங்களின் பொறுப்பைக் கூட்டுகின்றன. ஆகவே இடிபாட்டை ஏற்றிச் செல்ல ஆள் தேவை. ஆனால் தலைச்சுமைக்காரரின் இடத்தை ஜேசிபி பிடித்து வருகிறது. வண்டியும் இயந்திரமும் இயக்கத் தெரிந்தவருக்கே மதிப்பு கூடுகிறது.

இளைஞர்களுக்கு ஒரு செய்தி: மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வாகனத்தை இலகுரக வாகன உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. அதற்கு மேற்பட்ட லாரிக்குக் கனரக உரிமம் வேண்டும்.

இத்தொழிலில் பெரும்பாலோருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. வெள்ளிமலைப் பக்கமிருந்து மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி வெளியூர் செல்லும் மலைவாழ் மக்களின் நிலையும் இதுவே. லோடின் மேலிருந்து ஒருவர் விழுந்துவிட்டால், அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கே சான்று இருக்காது.

இதற்காகத்தான் தமிழக அரசின் நலவாரியங்கள் உள்ளன. கட்டட வேலை செய்வோர், சுமை தூக்குவோர், ஓட்டுநர் ஆகியோருக்குத் தனித்தனி வாரியங்கள் உண்டு. 18 முதல் 60 வயதுக்குட்பட்டோர் பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை கிடைக்கும். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனத்தில் சேர்ந்தால், இஎஸ்ஐ எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு அது உண்டு. நூறு ரூபாய்க்கு உங்கள் பங்கு 75 காசு. முதலாளியின் பங்கு 3 ரூபாய் 25 காசு.

விபத்து நடந்த வீட்டுக்கு அறக்கட்டளையாக நாம் ஒருமுறை உதவலாம். வாரிய அட்டை இருந்தால், அந்தக் குடும்பம் யாரிடமும் கையேந்தாமல் தன் உரிமையைக் கேட்டுப் பெறும். ஜமாஅத் நிர்வாகிகள் அவரவர் தெருவில் இந்த வேலை செய்வோரைக் கண்டு, எந்த மதத்தவராயினும், பதிவு செய்ய உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.