கிரயம் முடிக்கும் முன் வீட்டைப் பார்ப்போம்



நம் குழுக்களில் வீடு வாங்கும் பேச்சு இப்போது அடிக்கடி வருகிறது. கூரை வீட்டிலும் வாடகை வீட்டிலும் இருந்தவர்கள் குழுக் கடன், நகை அடகு, சீட்டுப் பணம் எல்லாம் சேர்த்து ஊருக்குள்ளேயே ஒரு பழைய வீட்டை விலை பேசுகிறோம். சந்தோஷமான விஷயம்தான். ஆனால் பத்திரத்தை நாலு பேரிடம் காட்டி விசாரிக்கிற நாம், வீட்டை எத்தனை தடவை பார்க்கிறோம்? ஒரே தடவை. அதுவும் தரகர் கூடவே நிற்க, அந்த வீட்டு அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே ஒரு சுற்று. "வீடு நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு வந்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆவது பிரிவின்படி, சொத்தில் பெரிய குறை இருப்பது விற்பவருக்குத் தெரிந்திருந்து வாங்குபவருக்குத் தெரியாமல் இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் என்கிற குறைக்கு அந்தக் கடமை கிடையாது. அதாவது, சுவரில் வெடிப்பு கண்ணுக்கு நேரே இருந்தது, "நான் கவனிக்கலைங்க"ன்னு பிறகு சொன்னால் எடுபடுவது கஷ்டம். வீடு ஒழுகினாலும் கடன் தவணை மாதா மாதம் வந்து நிற்கும். அதனால் நம் கண்தான் நமக்குப் பாதுகாப்பு.

முதலில், தனியாகப் போகாதீர்கள். நமக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவரை அரை நாள் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். தரகர் சொல்லும் கொத்தனார் வேண்டாம். வாஸ்து பார்க்க யோசிக்காமல் பணம் கொடுக்கிறோம், கொத்தனாருக்குக் கொடுக்க மட்டும் யோசிக்கிறோம்.

புதுசாக வெள்ளையடித்த வீடு என்றால் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். பீரோவுக்குப் பின்னால், காலண்டர், சாமி படம் மாட்டியிருக்கும் இடம் எல்லாம் எடுத்துப் பாருங்கள். சுவரின் அடிப்பக்கம் உள்ளங்கையை வைத்தால் சில்லென்று ஈரமாக இருக்கிறதா, உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்கிறதா? அப்படியென்றால் அஸ்திவாரத்திலிருந்து ஓதம் ஏறுகிறது. மேலே எத்தனை தடவை பூசினாலும் திரும்பத் திரும்ப வரும்.

வெடிப்பு எல்லாமே ஆபத்து இல்லை. பூச்சில் தலைமுடி மாதிரி ஓடுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் வெடிப்பு, படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியாக இறங்கும் வெடிப்பு, சுவரின் இரண்டு பக்கமும் தெரியும் வெடிப்பு, இவைதான் அஸ்திவாரம் இறங்கியிருப்பதற்கு அடையாளம். கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வாய் பிளக்கும், மேலே நிற்கும் சுவரும் கூடவே ஆடும். சந்தேகமான வெடிப்பின் குறுக்கே உள்ளங்கை அளவு சிமெண்ட் கலவையை அப்பி, அதிலேயே தேதி எழுதி வைக்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுத்துக் கிரயம் முடிய இரண்டு மூன்று மாதம் ஆகுமே, அதற்குள் அந்த அப்பு வெடித்திருந்தால் வீடு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விற்பவர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதுவும் ஒரு தகவல்தான்.

தளம் போட்ட வீடாக இருந்தால் அண்ணாந்து பாருங்கள். பழுப்புக் கறை இருந்தால் ஒழுக்கு. நீள நீளமாகக் கோடு விழுந்து சிமெண்ட் பெயர்ந்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. துருவேறிய கம்பி பருத்துச் சிமெண்டைத் தள்ளிவிடும். கம்பு வைத்துத் தட்டினால் கெட்டியான இடம் கெட்டியாகக் கேட்கும், பெயர்ந்த இடம் பொத்தலாகக் கேட்கும். பிள்ளைகள் கீழே படுத்துத் தூங்கப்போகிற இடம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மாடிக்கும் ஏறிப் பார்க்க வேண்டும்.

ஓட்டு வீடு என்றால் நடுப்பகலில் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு நிமிர்ந்து பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் மழைத்தண்ணீர் இறங்கும். ஓட்டை மாற்றிவிடலாம், மரம்தான் முக்கியம். மரம் சுவரில் உட்காரும் இடத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கரையான் தின்ற மரம் மேலே நன்றாக இருக்கும், குத்தினால் மாவாகக் கொட்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஆண்களை நம்ப முடியாது. அவர்கள் வாசலைப் பார்ப்பார்கள், ரோட்டைப் பார்ப்பார்கள். பாத்திரம் கழுவின தண்ணி எங்கே போகுதுன்னு நாம கேட்டாத்தான் உண்டு. குளிக்கிற இடத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி, எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். கழிப்பறையில் இரண்டு வாளி ஊற்றிப் பாருங்கள். செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, கிணறோ போர்க்குழாயோ அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பது, ஆளை உள்ளே இறக்குவது கூடவே கூடாது. அந்த விஷவாயு நொடியில் உயிரை எடுத்துவிடும்.

முடிந்தால் ஒரு தடவை மழை நாளில் போங்கள். பங்குனி, சித்திரையில் வாங்குகிறீர்களா, பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள்: "ஐப்பசி, கார்த்திகையில தண்ணி எதுவரைக்கும் நிக்கும்?" 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வெள்ளம் வந்தபோது எது மேடு, எது பள்ளம் என்று அந்தந்தத் தெருக்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்துபோனது. அதைப் பத்திரத்தில் யாரும் எழுத மாட்டார்கள். இன்னொரு தடவை ராத்திரி போங்கள். லைட் மங்கலாக எரிகிறதா, தெருவில் என்ன நடமாட்டம் என்று தெரியும்.

அளவு டேப் கொண்டுபோக மறக்காதீர்கள். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. பத்திரத்தில் உள்ள நீள அகலமும் தரையில் உள்ளதும் ஒன்றா, நான்கெல்லையும் சரியா, போகவர உள்ள பாதை பத்திரத்தில் இருக்கிறதா, இல்லை பங்காளி இடத்தின் வழியாகப் "பழக்கத்தில்" போகிறார்களா? பாகம் பிரித்த வீடுகளில் பொதுச்சுவரும் பொதுக்கிணறும்தான் தகராறு கிளப்பும். அரசு இலவசமாகக் கொடுத்த மனையில் கட்டிய வீடாக இருந்தால் ஒப்படைப்புப் பட்டாவைக் கேட்டு வாங்கி, விற்கக்கூடாது என்கிற நிபந்தனை உண்டா என்று படித்துப் பாருங்கள்.

வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை விற்பவரிடம் மட்டும் கேட்டால் போதாது, குடியிருப்பவரிடமே கேளுங்கள். நம் ஊர்களில் ஒத்திக்கு விடுவது அதிகம். இரண்டு மூன்று லட்சம் வாங்கிக்கொண்டு, முத்திரைத்தாளில் எழுதி, பதியாமலே விட்டிருப்பார்கள். அது வில்லங்கச் சான்றில் வராது. ஆனால் குடியிருப்பவருக்கு உள்ள உரிமை வாங்குபவருக்குத் தெரியும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒத்திப் பணத்தை யார் திருப்பிக் கொடுப்பது, எந்தத் தேதியில் காலி செய்வது என்பதை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். கரண்ட் பில், வீட்டு வரி பாக்கி, பேசி ஒத்துக்கொண்ட ரிப்பேர் வேலை எல்லாமும் அதிலேயே வரட்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இந்த ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும் என்பது சட்டம். வெறும் பேச்சில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

குறை இருந்தால் வாங்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. குறையில்லாத வீடு நம் பட்ஜெட்டில் கிடைக்காது. கொத்தனாரிடம் ரிப்பேர் செலவை எழுதி வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைக்கக் கேளுங்கள். கிரயத்துக்கு முன்னால் கேட்டால் குறைப்பார்கள், பின்னால் கேட்டால் வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள்.

பத்திரம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீடு, மனை, நிலத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. 5 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 5,000 ரூபாய் மிச்சம். கொத்தனார் கூலி அதிலேயே வந்துவிடும்.

கிரயத்தன்று காலையில், ரிஜிஸ்தர் ஆபீஸ் போவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை வீட்டுக்குப் போய்வாருங்கள். பேசும்போது இருந்த மோட்டார், ஃபேன், கதவு, ஜன்னல் எல்லாம் இருக்கின்றனவா, குடியிருந்தவர் சாமானை எடுத்துவிட்டாரா என்று பாருங்கள். மீதிப் பணமும் சாவியும் ஒரே நேரத்தில் கை மாறட்டும். "சாவி நாளைக்குத் தர்றேன்"னு சொன்னால், பணமும் நாளைக்கே.