அட்டவணைப்படுத்தல்: ஒரு வினைச்சொல்லின் பொருள்

ஆங்கிலத்திலே ‘டாபியுலேட்’ என்றொரு வினைச்சொல் உண்டு. அலுவலகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் குடிமதிப்பு, தேர்தல் ஆகிய பணிகளிலும் இச்சொல் பெரிதும் வழங்குகின்றது. தமிழில் ‘அட்டவணைப்படுத்துதல்’ என்கின்றோம். ஆயினும், கிடைத்தவற்றையெல்லாம் வரிசையாக எழுதிவைப்பதே அட்டவணைப்படுத்தல் எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வளவில் அமைவதன்று.

பலகையைக் குறிக்கும் ‘தாபுலா’ என்னும் இலத்தீன் சொல்லே இதன் வேர். ஆங்கிலத்தில் மேசைக்கும் அட்டவணைக்கும் ‘டேபிள்’ என்ற ஒரே பெயர் வழங்குவதும் அவ்வேரின் வழியேதான். தட்டெழுத்துப் பொறியில் எண்களை நேர்நேராக நிறுத்த உதவிய ‘டாபியுலேட்டர்’ என்னும் விசையின் பெயர் குறுகியே, இன்றைய கணினி விசைப்பலகையில் ‘டாப்’ என நிற்கின்றது.

இச்சொல்லை இதன் அயற்சொற்களினின்றும் பிரித்தறிதல் வேண்டும். ஒரு கடைக்காரர் தாம் விற்ற பொருள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால், அது பட்டியல். அரிசி, பருப்பு, எண்ணெய் எனப் பிரித்தால், அது வகைப்படுத்தல். பொருள்களின் பெயரை நெடுக்கே எழுதி, கிழமைகளைக் குறுக்கே நிறுத்தி, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் விற்ற அளவைக் குறித்தாரானால், அதுவே அட்டவணைப்படுத்தல். குறுக்கே செல்வது நிரை. நெடுக்கே இறங்குவது நிரல். ஒவ்வோர் எண்ணும் தன் நிரைக்கும் நிரலுக்கும் ஒருங்கே விடை கூறுகின்றது. ஆகவே, இவ்வினைக்குச் செயப்படுபொருளாவன தரவுகளே. வாக்குகளையும் அளவீடுகளையும் அட்டவணைப்படுத்தலாம். நூல்களை அலுமாரியில் அடுக்குதலை அவ்வாறு கூறுதல் பொருந்தாது.

இவ்வினையின் உயிர் தலைப்பைத் தெரிவதிலே உள்ளது. இதற்குச் சிறந்த சான்று இலண்டன் மாநகரிலே கிடைக்கின்றது. 1854ஆம் ஆண்டில் அங்கு வாந்திபேதி பரவியது. கெட்ட காற்றே அந்நோய்க்குக் காரணம் எனப் பலரும் நம்பிய காலம் அது. நீரே காரணமாகலாம் என ஐயுற்றவர் ஜோன் ஸ்நோ என்னும் மருத்துவர். தென் இலண்டனில் இரண்டு கம்பனிகள் நீர் வழங்கின. லம்பெத் கம்பனி 1852இல் தன் நீரெடுக்கும் இடத்தைத் தேம்ஸ் நதியின் மேற்பகுதிக்கு மாற்றிவிட்டது. சதர்க் வொக்சோல் கம்பனியோ நகரின் கழிவு கலந்த பகுதியிலேயே நீரெடுத்து வந்தது. பல தெருக்களில் இரண்டின் குழாய்களும் அருகருகே சென்றன. ஆதலால், இறப்புகளைத் தெருவாரியாகக் கணக்கிட்டால் உண்மை மறைந்துவிடும்.

இதனை உணர்ந்த ஸ்நோ, உதவியாளர் ஒருவர் துணைபுரிய, நோயால் இறந்தோரின் வீடுகளுக்கு எந்தக் கம்பனியின் நீர் வந்ததென்று விசாரித்தறிந்தார். பின்னர்க் கம்பனிகளின் பெயர்களையே தலைப்பாக்கி, வீடுகளின் தொகை, இறப்புகளின் தொகை, பத்தாயிரம் வீடுகளுக்கு நேர்ந்த இறப்பு என மூன்று நிரல்கள் அமைத்தார். நோய் பரவிய முதல் ஏழு வாரங்களில், சதர்க் வொக்சோல் நீர் சென்ற 40,046 வீடுகளில் 1,263 இறப்புகள். லம்பெத் நீர் சென்ற 26,107 வீடுகளில் 98 இறப்புகள். பத்தாயிரம் வீடுகளுக்கெனக் கணக்கிட்டால் முன்னையது 315, பின்னையது 37. ஏறக்குறைய எட்டரை மடங்கு வேறுபாடு! ஒரே தெருவில், ஒரே காற்றைச் சுவாசித்து வாழ்ந்தோரிடையே இவ்வேறுபாடு தோன்றிற்று. 1855இல் அவர் வெளியிட்ட நூலில் இவ்வட்டவணை இடம்பெற்றது.

இங்கே மூன்றாவது நிரலின் பயனையும் நோக்குக. வீடுகளின் தொகை சமமில்லாதபோது இறப்புகளின் தொகையை மட்டும் ஒப்பிடுதல் நீதியாகாது. பொதுவான ஓர் அளவுக்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பீடு பொருளுடையதாகின்றது.

எனவே, ‘இவ்விவரங்களை அட்டவணைப்படுத்துக’ என ஒருவர் பணித்தால், கோடு கிழிக்குமுன் ‘எந்த வினாவுக்கு விடை வேண்டும்?’ என்று கேட்டறிதல் முறையாகும். வினா தெளிந்தால் தலைப்புத் தெளியும். தலைப்புத் தெளிந்தால் எண்கள் தாமே பேசும். வினாவின்றி வரைந்த அட்டவணை, எத்துணை அழகாயிருப்பினும், கட்டம் போட்ட பட்டியலேயாம்.