"தங்கச்சி, இதையும் கொஞ்சம் பார்த்துக்கோ"

"தங்கச்சி, எட்டாம் பெட்டுக்கு ட்ரிப்ஸ் ஏத்த ஒரு வென்ஃப்ளான் போட்டுடேன்." "பாப்பா, எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் ஒத்துவராது. என் பேஷன்ட்டுங்களுக்கும் சேர்த்து நீயே என்ட்ரி போட்டுடு." "நான் சாப்பிட்டுட்டு வந்துடுறேன், என் பக்கத்தையும் பார்த்துக்கோ."

நர்சிங் முடித்து, பதிவு எண் வாங்கி, வார்டுக்குள் காலடி எடுத்துவைக்கும் இளம் செவிலியர் முதல் சில வாரங்களிலேயே கேட்டுப் பழகிவிடும் வாக்கியங்கள் இவை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலைதான். கேட்பவர்களும் அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆரம்பத்தில் அவரும் சந்தோஷமாகச் செய்கிறார். கை பழகும், நல்ல பெயர் கிடைக்கும், சீனியர்களின் மனதில் இடம் கிடைக்கும் என்று நினைக்கிறார்.

இரண்டு மூன்று மாதம் போனபின் கணக்கு மாறுகிறது. தன் நோயாளிக்குக் காலை எட்டு மணிக்குப் போட வேண்டிய ஆன்டிபயாடிக் ஒன்பதுக்குப் போகிறது. டியூட்டி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் அவர் மட்டும் உட்கார்ந்து கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருக்கிறார். தாமதத்துக்குத் திட்டு வாங்குவதும் அவரே. நேரத்துக்கு வீட்டுக்குப் போன சீனியர் அக்காவின் வேலையை முடித்ததால்தான் தன் வேலை தாமதமானது என்று அவரால் சொல்ல முடிவதில்லை. சொன்னால், "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு உடம்பு வணங்கல" என்ற பேச்சு வரும். இரவு ஹாஸ்டலில் இருந்து அம்மாவுக்கு போன் போட்டு அழுவதோடு அந்தப் புகார் முடிந்துபோகிறது.

படிப்புக்கும் வார்டுக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பள்ளம் உலகெங்கும் பேசப்பட்ட விஷயம். அமெரிக்க ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974-இல் 'ரியாலிட்டி ஷாக்' என்ற நூலில் இதை விரிவாக எழுதினார். முதலில் தேன்நிலவு போல் ஒரு மகிழ்ச்சி, அடுத்து கல்லூரியில் கற்றதும் வார்டில் நடப்பதும் ஒத்துப்போகாத அதிர்ச்சி, பிறகு மெல்ல மீண்டு எழுதல், கடைசியில் ஒரு முடிவுக்கு வருதல் என்று அவர் கட்டங்களைப் பிரித்தார். அந்த அதிர்ச்சிக் கட்டத்தில்தான் பலர் வேலையை விடுகிறார்கள், அல்லது மனதளவில் விலகிவிடுகிறார்கள்.

பாட்ரீசியா பென்னர் என்ற இன்னொரு அமெரிக்க ஆய்வாளர், ஒரு செவிலியர் எப்படி வளர்கிறார் என்பதை 1984-இல் ஐந்து படிகளாக விளக்கினார். ஒரே மாதிரியான பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்தவரே 'திறன் பெற்றவர்' என்ற மூன்றாம் படியை எட்டுகிறார் என்பது அவர் கணிப்பு. அந்தப் படியில்தான் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்ற திட்டமிடல் கைவருகிறது. அப்படியானால் மூன்று மாத அனுபவம் உள்ளவரிடம் தன் நோயாளிகளோடு இன்னொருவரின் நோயாளிகளையும் ஒப்படைப்பது, அவரிடம் இன்னும் வளராத ஒரு திறனை எதிர்பார்ப்பதாகும்.

ஏன் புதியவர் தலையில்?

சீனியர்கள் எல்லோரும் சோம்பேறிகள் என்று முடிவு கட்டினால் அது அநியாயம். இருபது ஆண்டுகள் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டியதால் இடுப்புவலியோடு வேலைக்கு வருபவர்கள் அவர்களில் உண்டு. காகிதத்தில் எழுதியே பழகியவர்களிடம் திடீரென்று கம்ப்யூட்டரைக் கொடுத்து, முறையான பயிற்சி தராமல் விட்ட நிர்வாகங்கள் உண்டு. தரச்சான்று பெறும் மருத்துவமனைகளில் நிரப்ப வேண்டிய படிவங்களும் பெருகிவிட்டன. படித்து முடித்த கையோடு வந்த பெண் அவற்றைச் சட்டென்று முடித்துவிடுகிறார். வேகமாகச் செய்கிறவரிடமே அடுத்த வேலையும் போய்ச் சேர்கிறது.

அடிப்படைக் காரணம் ஆள் பற்றாக்குறை. உலகில் 59 லட்சம் செவிலியர்கள் குறைவாக இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. இந்தியாவில் கற்பிக்கும் மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். விடுப்பில் போகிறவர்களை ஈடுகட்ட 30 சதவீதம் கூடுதலாக ஆள் வைத்திருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. இரவில் இரண்டே பேர் ஒரு பெரிய வார்டைச் சமாளிக்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு, இந்த அளவுகோல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது புரியும்.

இரண்டாவது காரணம், புதியவரால் 'முடியாது' என்று சொல்ல முடியாத நிலை. பல தனியார் மருத்துவமனைகளில் வேலைக்குச் சேரும்போதே, குறிப்பிட்ட காலம் வேலையை விடமாட்டேன் என்று பாண்டு எழுதி வாங்குகிறார்கள். வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போக நினைப்பவருக்கு அனுபவச் சான்றிதழ் உயிர்நாடி. அதைத் தரப்போகிறவர்களைப் பகைத்துக்கொள்ள யார் துணிவார்? அரசுப் பணியிலும் நிலை பெரிதாக வேறுபடவில்லை. தமிழ்நாட்டில் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி வந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலையைத் தொடங்கினார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் அவர்கள் திரண்டு போராடியது பலருக்கு நினைவிருக்கும். நிரந்தரமில்லாத வேலையில் இருப்பவர், நிரந்தர வேலையில் இருக்கும் சீனியரிடம் எதிர்த்துப் பேசுவது எளிதல்ல.

எது உதவி, எது சுமை?

வார்டில் கேட்கப்படும் எல்லா உதவியும் ஒன்றல்ல. அவற்றை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதல் வகை, இரண்டு பேர் இருந்தால்தான் செய்ய முடிகிற வேலை. படுத்த படுக்கையாக இருப்பவரைப் படுக்கைப்புண் வராமல் புரட்டுவது, ரத்தம் ஏற்றும் முன் பையில் உள்ள விவரத்தை நோயாளியின் விவரத்தோடு இருவராகச் சரிபார்ப்பது, திடீரென்று இதயத் துடிப்பு நின்றுபோனவருக்கு ஓடிப்போய் நெஞ்சழுத்தம் கொடுப்பது போன்றவை. இங்கே கூப்பிட்டால் போயே ஆக வேண்டும். இதில் சீனியர், ஜூனியர் என்ற பேச்சே கிடையாது.

இரண்டாவது வகை, ஒருவழிப் பாதையாகிவிட்ட பழக்கம். இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு என்று இருந்தால் அது கூட்டு வேலை. எப்போதும் ஒரே ஆள் கொடுத்து, ஒரே ஆள் வாங்கினால் அது வேலைப் பங்கீட்டின் கோளாறு. புதியவர்களை அதிகம் நோகடிப்பது இதுதான்.

மூன்றாவது வகையில் ஆபத்து இருக்கிறது. கற்றுக்கொள்ளாத ஒன்றைத் தனியாகச் செய்யச் சொல்வது, தான் கொடுக்காத மருந்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்வது, பார்க்காமலே 'சரிபார்த்தேன்' என்று எழுதச் சொல்வது இந்த வகை. இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு போன்ற மருந்துகளில் அளவு கொஞ்சம் பிசகினாலும் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் இரண்டு செவிலியர்கள் தனித்தனியே அளவைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்ற நடைமுறை பல மருத்துவமனைகளில் இருக்கிறது. "நான் பார்த்துட்டேன், நீ சும்மா சைன் மட்டும் பண்ணு" என்று சொல்லும் நொடியில் அந்தப் பாதுகாப்பு முழுவதும் அழிந்துபோகிறது. பிறகு விசாரணை வந்தால் மருந்துச் சார்ட்டில் யார் கையெழுத்து இருக்கிறதோ அவரிடம்தான் முதல் கேள்வி வரும். அன்றைக்கு அக்கா என்ன சொன்னார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

நோயாளி கொடுக்கும் விலை

இது இரண்டு ஊழியர்களுக்கு நடுவில் நடக்கும் மனஸ்தாபம் என்று நிர்வாகங்கள் ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆய்வுகள் காட்டுவது வேறு. லிண்டா எய்க்கனும் குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் அதிகமாக இருந்தது. செவிலியர் சோர்ந்து தளர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் அதிகம். ஒரு இளம் செவிலியரின் பட்டியலில் ஆறு நோயாளிகள், அக்காவின் பங்கில் இன்னும் மூன்று பேர் என்றால், அந்தப் பெண் உண்மையில் ஒன்பது பேரைப் பார்க்கிறார். நிர்வாகத்தின் கணக்கில் அது ஆறாகவே இருக்கிறது.

நடுவில் கூப்பிடுவதும் சின்ன விஷயமல்ல. ஜொஹானா வெஸ்ட்புரூக் தலைமையிலான குழு ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள் மருந்து கொடுப்பதை நேரில் கவனித்துப் பதிவு செய்தது. 2010-இல் வெளியான முடிவின்படி, ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்து கொடுக்கும் முறையில் தவறும் வாய்ப்பும், மருந்திலேயே தவறு நேரும் வாய்ப்பும் சுமார் 12 சதவீதம் அதிகமாக இருந்தன. மருந்து டிராலியோடு நிற்பவரை "ஒரு நிமிஷம் இங்க வா" என்று கூப்பிடுவதன் விலை இது. சில வெளிநாட்டு மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கும் நேரத்தில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்று எழுதிய மேலங்கியைச் செவிலியர்கள் அணிந்துகொள்வதும் இதற்காகத்தான்.

எப்படிச் சொல்வது?

அனுபவமுள்ள செவிலியர்கள் தங்கள் ஜூனியர்களுக்குச் சொல்லித்தரும் வழி எளிமையானது: ஆளைப் பற்றிப் பேசாதே, நேரத்தையும் நோயாளியையும் பற்றிப் பேசு. "அக்கா, எனக்கு இன்னும் ரெண்டு பேருக்கு எட்டு மணி ஊசி பாக்கி இருக்கு. முடிச்சிட்டு வர்றேன். அவசரம்னா இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட சொல்லிடலாமா?" இந்தப் பேச்சில் மறுப்பு இல்லை, மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் எது முதலில் என்பது எல்லோருக்கும் தெரியும்படி சொல்லியாகிவிட்டது.

தெரியாத வேலை என்றால், "நான் இதைத் தனியா செஞ்சதில்லை அக்கா. நீங்க பக்கத்துல நில்லுங்க, நான் போடுறேன்" என்று சொல்லலாம். கம்ப்யூட்டர் வேலை என்றால், "உட்காருங்க அக்கா, இன்னைக்கு நான் சொல்றேன், நீங்களே அடிங்க" என்று கற்றுக்கொடுக்கலாம். நாலைந்து முறை சொல்லிக்கொடுத்தால் அந்தச் சுமை நிரந்தரமாகக் குறையும். கையெழுத்து விஷயத்தில் மட்டும் இடமே கொடுக்கக் கூடாது: "நான் பார்க்காததுக்கு சைன் பண்ண மாட்டேன் அக்கா, கொண்டு வாங்க, பார்த்துட்டுப் போட்டுடுறேன்."

பேசியும் மாறவில்லை என்றால், தேதியும் நேரமும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. நோயாளியின் பெயர் வேண்டாம், படுக்கை எண் போதும். என்ன வேலை வந்தது, அதனால் தன் வேலையில் எது தாமதமானது என்று எழுதினால் போதும். முதலில் சம்பந்தப்பட்டவரிடம் தனியாகவும், பிறகு இன்சார்ஜிடமும், தேவைப்பட்டால் நர்சிங் சூப்பரின்டெண்டெண்டிடமும் அதைக் கொண்டுபோகலாம். "எல்லாரும் என்னையே வேலை வாங்குறாங்க" என்ற புகாரைத் தட்டிவிடுவது சுலபம். "இந்த வாரத்தில் நாலு நாள் எட்டு மணி மருந்து ஒன்பதுக்குப் போயிருக்கு" என்ற குறிப்பை எந்தப் பொறுப்பாளராலும் தட்டிவிட முடியாது.

நிர்வாகம் செய்ய வேண்டியது

எல்லாவற்றையும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் துணிச்சலிடமே விட்டுவிடுவது நியாயமில்லை. கலிஃபோர்னியா மாநிலம் 1999-இல் சட்டம் இயற்றி, 2004 முதல் செவிலியர்–நோயாளி விகிதத்தை நடைமுறைப்படுத்தியது. அங்கே பொது வார்டில் ஒருவருக்கு ஐந்து நோயாளிகளுக்கு மேல் கொடுக்கக் கூடாது. சாப்பாட்டு இடைவேளையிலும் அந்த விகிதம் குறையக் கூடாது. ஒருவர் சாப்பிடப் போனால் அவர் இடத்துக்கு இன்னொருவரை ஏற்பாடு செய்வது மருத்துவமனையின் கடமை. "என் பக்கத்தையும் பார்த்துக்கோ" என்ற வாக்கியத்துக்கு அங்கே சட்டப்படி இடமில்லை.

நம் ஊரில் சட்டம் வரும் வரை காத்திருக்காமல் இன்சார்ஜ் சிஸ்டர்கள் நாளைக்கே செய்யக்கூடியவை இருக்கின்றன. ஷிஃப்ட் தொடங்கும்போதே யாருக்கு எந்தப் படுக்கைகள் என்று எழுதி எல்லோரும் பார்க்கும்படி ஒட்டலாம். படுக்கைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், நோயின் கடுமையையும் பார்த்துப் பிரிக்கலாம். இடைவேளையில் யார் யாருக்கு மாற்று என்பதையும் அதே பட்டியலில் எழுதலாம். புதிதாக வருபவருக்கு முதல் சில மாதங்கள் ஒரு சீனியரை வழிகாட்டியாக நியமித்து, அந்தச் சீனியரின் நோயாளி எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுக்கலாம். சீனியர்களுக்கு டியூட்டி நேரத்திலேயே கம்ப்யூட்டர் பயிற்சி தரலாம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் போதும்.

மருத்துவமனைக்குப் போகும் நாமும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மருந்து டிராலியோடு நிற்கும் செவிலியரை அவசரமில்லாத கேள்விக்காகக் கூப்பிடாமல், அவர் கையில் இருக்கும் ஊசியைப் போட்டு முடிக்கும் வரை பொறுத்திருங்கள். மருத்துவமனை கருத்துப் படிவம் கொடுத்தால், "இந்த வார்டில் இரவில் எத்தனை செவிலியர்கள் இருக்கிறார்கள்?" என்று அதில் எழுதிக் கேளுங்கள். நோயாளிகளும் அவர்களின் குடும்பமும் கேட்கத் தொடங்கினால், நிர்வாகங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.