எழுத வரும், படிக்க வராது

திமிரி பக்கம் ஒரு வீட்டில் பெரியவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் விசாரிப்பது கை காலைத்தான். "கை தூக்குறாரா? தானா எழுந்து நடக்குறாரா?" பேச்சைப் பற்றிக் கேட்பவர் குறைவு. தண்ணீர் கேட்க நினைத்தவர் வாயில் வேறு ஏதோ சொல் வந்துவிட்டால், "புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் அது உண்மையல்ல. புத்தி இருக்கும்; சொல் மட்டும் போயிருக்கும். இது தெரியாததால் சொந்த வீட்டிலேயே பைத்தியமாக நடத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

வலது கையால் எழுதுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மொழி மூளையின் இடது பாதியில் இருக்கிறது. உடலின் வலப்பக்கத்தை ஆட்டுவிப்பதும் அதே பாதிதான். வலது கை விழுந்தவருக்குப் பேச்சும் சேர்ந்து விழுவது அதனால்தான். 1861-இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா பார்த்த நோயாளிக்கு 'டான்' என்ற ஓர் அசைதான் வாயில் வந்தது. ஆனால் பிறர் சொன்னது புரிந்தது. 1874-இல் கார்ல் வெர்னிக்கே இதற்கு நேர்மாறான வகையை விளக்கினார். பேச்சு தடையில்லாமல் கொட்டும், பொருள் இருக்காது, மற்றவர் பேசுவதும் புரியாது. இந்த இரண்டாம் வகையில் கை காலுக்கு ஒன்றும் ஆகாமலே இருக்கலாம். பைத்தியம் என்ற பழி அதிகம் விழுவது இவர்கள் மேல்தான்.

படிப்பு போவது தனிக் கதை. 1887 அக்டோபரில் பாரிஸில் ஒரு ஜவுளி வியாபாரிக்குத் திடீரென எழுத்துகள் தெரியாமல் போயின. கண்ணில் கோளாறு என்று கண் மருத்துவரிடம் போனார். அவர் நரம்பியல் மருத்துவர் ழூல் தெழெரினிடம் அனுப்பினார். அந்த வியாபாரி பேசினார், கேட்டதைப் புரிந்துகொண்டார், சொல்லச் சொல்ல எழுதினார். தான் எழுதிய காகிதத்தைச் சற்று நேரம் கழித்துக் கொடுத்தால் மட்டும் அவரால் படிக்க முடியவில்லை. எழுத்தின் வடிவத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தால் அது என்ன எழுத்து என்று சொல்லிவிடுவார். கண்ணுக்குத் தெரியாத எழுத்து கைக்குத் தெரிந்தது. 1892-இல் அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தபோது, பின்புறம் இடப்பக்கத்திலுள்ள பார்வைப் பகுதியிலும், இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையின் பின்முனையிலும் சேதம் இருந்தது. பார்த்த எழுத்து மொழிப் பகுதிக்குப் போய்ச் சேரும் வழி அறுந்திருந்தது.

நம் பக்கத்து எழுத்துகளிலும் இது நடக்கிறது. கன்னடமும் ஆங்கிலமும் படித்த ஒருவருக்கு இதே குறை வந்ததைப் பிரதிபா காரந்த் 1981-இல் ஆய்விதழில் எழுதினார். தமிழ் எழுத்து எனக்கு வேறொரு கேள்வியை எழுப்புகிறது. மூளையின் வலது பாதி அடிபட்டவர்களில் சிலருக்கு இடப்பக்கம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே கவனத்தில் வராது. தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் உண்பார்கள். படிக்கும்போதும் சொல்லின் இடது முனை நழுவும். ஆங்கிலத்தில் முதல் எழுத்து நழுவும். தமிழில் எழுத்தின் ஒரு துண்டே நழுவக்கூடும். 'கொடி' என்பதில் முன்னால் நிற்கும் கொம்பு கண்ணில் படாவிட்டால் மிஞ்சுவது 'காடி'. படித்தவர் தவறு செய்ததாகவே உணர மாட்டார்.

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் தொழிலோடு வாழும் ஊர்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தமிழை இடமிருந்து வலமாகவும் உருதுவை வலமிருந்து இடமாகவும் படிக்கிறவர்கள் இங்கே உண்டு. படிக்கும்போது கண் ஒரு சொல்லில் நிற்க, மூளை அடுத்து வரப்போவதை ஓரப் பார்வையில் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. எபிரேயமும் ஆங்கிலமும் அறிந்தவர்களைச் சோதித்து 1981-இல் வெளியான ஆய்வில், மொழி மாறியதும் இந்த முன்பார்வை பக்கம் மாறியது தெரிந்தது. அப்படியானால் பக்கவாதத்தில் வலப்பக்கப் பார்வை போனவருக்குத் தமிழ் வரியும், இடப்பக்கப் பார்வை போனவருக்கு உருது வரியும் அதிகம் தடுமாறும் என்று எதிர்பார்க்கலாம். ஒரு மொழியில் மட்டும் படிக்கச் சொல்லிப் பார்த்து 'நன்றாக இருக்கிறார்' என்று அனுப்பிவிட்டால் பாதி குறை மறைந்தே போகும்.

பேச்சிலும் அப்படித்தான். வீட்டில் உருது அல்லது தெலுங்கு, ஷூ கம்பெனியில் தமிழ் என்று வாழ்ந்தவருக்கு எந்த மொழி முதலில் திரும்பும்? தாய்மொழிதான் என்று ஒரு சாரார் நம்பினர். அதிகம் புழங்கிய மொழி என்றார் ஆல்பெர் பித்ர், 1895-இல். பெரும்பாலும் எல்லா மொழிகளும் சேர்ந்தே மீள்கின்றன. ஆனால் விதிவிலக்குகள் வியக்க வைப்பவை. மொராக்கோவில் மொபெட் விபத்தில் தலையில் அடிபட்ட ஒரு கன்னியாஸ்திரிக்கு ஒரு நாள் அரபு வந்தது, பிரெஞ்சு தடுமாறியது. மறுநாள் பிரெஞ்சு வந்தது, அரபு போனது.

தலைக்காயம் பார்வையையும் விசித்திரமாகக் குலைக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் கலிஃபோர்னியாவில் ஆராய்ந்த இளைஞர் ஒருவர், விபத்துக்குப் பின் தன் பெற்றோரைப் பார்த்து 'அவர்களைப் போலவே இருக்கும் வேறு யாரோ' என்றார். தொலைபேசியில் அப்பா பேசினால் சந்தேகமே வரவில்லை. முகத்தை அறியும் பகுதியும் பாசத்தை எழுப்பும் பகுதியும் தொடர்பறுந்துவிட்டன. காது வழி மட்டும் அறாமல் இருந்தது என்பது ராமச்சந்திரன் தந்த விளக்கம்.

இந்த வட்டாரத்துக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தியல்ல. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கியது. தொடங்கிய ஜேக்கப் சாண்டி மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, எங்கே தொட்டால் பேச்சு நிற்கிறது என்று குறித்து, அந்த இடத்தைக் காப்பாற்றி அறுவை செய்தவர் பென்ஃபீல்டு. 2022 முதல் ராணிப்பேட்டை மாவட்டத்திலேயே சி.எம்.சி.யின் வளாகம் இயங்குகிறது.

வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, சொல் மாறி வந்தாலோ காத்திருக்க நேரமில்லை. மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. மருத்துவரிடம் அவர் எந்தக் கையால் எழுதுவார், எந்தெந்த மொழி பேசுவார், எதில் படிப்பார் என்று சொல்லுங்கள். கை காலுக்குப் பயிற்சி கேட்பதுபோலப் பேச்சுப் பயிற்சியும் கேளுங்கள். சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல முடியாதவர் ஒன்று, இரண்டு எண்ணுவார். பழகிய பாட்டைப் பாடுவார். பாட்டின் ராகத்தைப் பிடித்துக்கொண்டே பேச்சை மீட்கும் முறையை 1973-இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் வகுத்தார்கள். எழுத்தை இழந்தவர்களை விரலால் வரைந்து வரைந்து படிக்கப் பழக்குவதும் உண்டு. மாதங்கள் ஆகும், ஆண்டுகள் கழிந்த பிறகும் முன்னேறியவர்கள் இருக்கிறார்கள்.