கணினிக்குள் ஒரு பங்குக் கிணறு

இம்மலருக்குக் கட்டுரைகள் சேர்க்கத் தொடங்கிய நாள்களில் எமது கணினி வகுப்பிலே ஒரு சம்பவம் நிகழ்ந்தது. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, ஆறு திரைகளை இணைத்து, ஆறு மாணவர் ஒரே வேளையில் பயன்படுத்த வழிசெய்திருந்தோம். மாணவி ஒருத்தி தன் அம்மம்மாவைப் பற்றிய கட்டுரையை இரண்டு மணி நேரமாகத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள். பக்கத்துத் திரையில் இருந்த மாணவன், தன்னைத்தானே மீண்டும் மீண்டும் பிறப்பிக்கும் இரண்டு வரி நிரலை எழுதி ஓடவிட்டான். சில விநாடிகளில் ஆறு திரைகளும் உறைந்துவிட்டன. மின்னை நிறுத்தி மீள இயக்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. சேமிக்கப்படாத கட்டுரை அழிந்தது. மாணவி அழுதாள். நாம் மாணவனைக் கடிந்துகொண்டோம். பிழை எம்முடையது என்பதை வீடு சென்று யோசித்த பின்னரே உணர்ந்தோம்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிராமங்களிலே பங்குக் கிணறுகள் இருப்பதைப் பெற்றோர் அறிவர். பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம்: கிணறு ஒன்று, உரித்தாளர் பலர். இன்னாருக்கு இன்ன நாள் என இறைப்பு முறை வகுக்கப்பட்டிருக்கும். காணி உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்படும்.

கணினியும் ஏறக்குறைய இவ்வாறே நடக்கிறது. நிரல் என்பது எழுதிவைத்த சமையற் குறிப்பு. அது ஓடத் தொடங்கியதும் செயல்முறை ஆகிறது. ஒரே வேளையில் நூற்றுக்கணக்கான செயல்முறைகள் செயலியையும் நினைவகத்தையும் பகிர்ந்துகொள்கின்றன. இயங்குதளம் முறைகாரனைப் போல நின்று, ஒவ்வொன்றுக்கும் விநாடியின் சிறு கூறுகளை மாற்றி மாற்றி வழங்குகிறது.

ஆனால் ஓர் இடத்திலே கணினி கிணற்றிலிருந்து வேறுபடுகிறது, சிக்கலும் அங்கேதான். பங்காளி ஒருவருக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தால், அவருடைய ஒரு நாளை அந்த நால்வரும் தமக்குள் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். கிணற்றில் புதிதாக நான்கு நாள் பிறந்துவிடாது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களிலோ, ஒரு செயல்முறை தன்னைப் போலவே ஒரு பிள்ளையைப் பிறப்பித்தால், வேறு ஏற்பாடு செய்யாதவிடத்து, அப்பிள்ளைக்கும் தனியாக ஒரு முழுப் பங்கு கிடைக்கிறது. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிப் பெருகினால் பத்தாம் தலைமுறையில் 1,024. பதினைந்தாம் தலைமுறையில் 32,768. முறைகாரன் நேர்மையாகவே பங்கிடுகிறான். அந்த நேர்மையே மற்றவரைப் பட்டினி போடுகிறது.

உலகறிந்த உதாரணம் ஒன்றுண்டு. 1988 நவம்பர் 2ஆம் திகதி, கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் றொபேர்ட் மொறிஸ் எழுதிய நிரல் ஒன்று இணையத்திலே கணினிக்குக் கணினி பரவியது. அது எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை. ஒரு கணினியில் தன் பிரதி ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்கும். 'இருக்கிறது' என்று விடை வந்தாலும் ஏழு தடவைக்கு ஒரு தடவை விடாப்பிடியாக நிலைத்துவிடும். ஒரே கணினியிற் பிரதிகள் குவிந்தன. கணினிகள் மூச்சுத் திணறின. ஏறத்தாழ 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டன என்பது அந்நாளைய மதிப்பீடு. 1990இல் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூகப் பணியும் தண்டமும் விதிக்கப்பட்டன. பிற்காலத்தில் அவர் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே பேராசிரியரானார். எமது மாணவனின் பெற்றோர் இதையும் கருத்திற் கொள்வாராக.

இதற்குப் பரிகாரம் எல்லை விதித்தல். கலிபோர்ணியாவின் பேர்க்ளிப் பல்கலைக்கழகத்தில் 1983இல் வெளியான யூனிக்ஸ் பதிப்பிலேயே இதற்கான வசதி சேர்க்கப்பட்டது. இன்றைய லினக்ஸில் 'யூலிமிட்' என்னும் கட்டளையால் எல்லைகளைப் பார்க்கலாம், மாற்றலாம். எத்தனை விநாடி செயலியைப் பயன்படுத்தலாம், எவ்வளவு பெரிய கோப்பை எழுதலாம், எத்தனை கோப்புகளை ஒரே வேளையில் திறந்து வைத்திருக்கலாம் (வழமையாக 1,024), ஒரு பயனருக்கு எத்தனை செயல்முறைகள் என்று பலவகை உண்டு.

ஒவ்வோர் எல்லைக்கும் இரு படிகள் உள்ளன: மென்னெல்லை, வன்னெல்லை. செயலி நேரத்தை எடுத்துக்கொள்வோம். மென்னெல்லையைத் தாண்டினால் விநாடிக்கொரு முறை எச்சரிக்கைச் சமிக்ஞை வரும். நல்ல நிரலாயின் வேலையைச் சேமித்துவிட்டு ஒழுங்காக விலகிக்கொள்ளலாம். வன்னெல்லையில் பேச்சுக்கு இடமில்லை, செயல்முறை கொல்லப்படும். மென்னெல்லையை வன்னெல்லைவரை எவரும் உயர்த்தலாம். வன்னெல்லையைத் தாமே குறைத்துக்கொண்ட சாதாரண பயனரோ அதனை மீண்டும் உயர்த்த முடியாது. நிருவாகிக்கு மட்டுமே அது இயலும். பிள்ளைச் செயல்முறைகள் பெற்றோரின் எல்லைகளை அப்படியே சுவீகரிக்கின்றன. செயல்முறைகளின் எண்ணிக்கைக்கான எல்லையை எட்டியபோது எவையும் கொல்லப்படுவதில்லை. புதிய பிறப்பு மறுக்கப்படுகிறது, அவ்வளவே.

ஆயினும் இம்முறையில் ஓர் ஓட்டை இருக்கிறது. நினைவகத்தின் எல்லை ஒவ்வொரு செயல்முறைக்கும் தனித்தனியே அளக்கப்படுகிறது. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் அடங்கி நிற்க, ஐம்பது சேர்ந்து நினைவகம் முழுவதையும் விழுங்கிவிடலாம். அப்போது லினக்ஸ் தானே ஒன்றைத் தெரிந்து கொல்லும். அது அம்மம்மாவின் கட்டுரையைத் திறந்து வைத்திருக்கும் செயல்முறையாகவும் இருக்கலாம். கூகிள் நிறுவனப் பொறியியலாளர் 2006இல் ஒரு தீர்வைத் தொடங்கினர். 2008 ஜனவரியில் வெளியான லினக்ஸ் பதிப்பிலே அது 'கட்டுப்பாட்டுக் குழுக்கள்' என்னும் பெயரில் முதன்முதலாகச் சேர்ந்தது. நினைவகத்தை அளக்கும் வசதி அதே ஆண்டிற் பின்னர் இணைந்தது. பல செயல்முறைகளை ஒரு குழுவாக்கி, குழு முழுவதற்கும் ஒரே எல்லை விதிக்கலாம். எத்தனை பிள்ளைகள் பிறந்தாலும் அவை அந்தக் குழுவின் பங்குக்குள்ளேதான் அடங்க வேண்டும். பங்குக் கிணற்றின் கணக்கு ஒருவாறு கணினிக்குள்ளும் வந்து சேர்ந்தது.

அடுத்த வாரம் அம்மாணவனை அருகில் அமர்த்தி, ஒரு பயனருக்கு 200 செயல்முறைகள் என்னும் எல்லையை அவன் கையாலேயே எழுதச் செய்தோம். பின்பு எல்லோரும் தத்தம் வேலையைச் சேமித்தபின், அதே இரண்டு வரி நிரலை ஓடவிடச் சொன்னோம். அவன் தயங்கினான், ஓடவிட்டான். அவனுடைய திரை மட்டும் திணறியது. ஏனைய ஐந்தும் சற்று மெதுவாக, ஆனால் நிற்காமல் ஓடின. அம்மாணவி கட்டுரையை மீண்டும் எழுதினாள். முதலில் எழுதியதே நன்றாக இருந்தது என்று இன்றும் சொல்கிறாள். இரண்டாவதே இம்மலரில் வெளிவருகிறது.