நியூபோட் கடலோரத்து இசைமேடை

இசைவிழா ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதனை நடத்தியோரின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். பொருள் உதவியவர் யார், பந்தல் இட்டவர் யார், தலைமை தாங்கியவர் யார் என்னும் விவரங்களுக்கு ஏடுகளிற் குறைவில்லை. பாடியவரும் வாசித்தவரும் வெறும் பெயர்ப்பட்டியலாகச் சுருங்கிப் போகின்றனர். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நடைபெற்றுவரும் நியூபோட் இசைவிழாவைப்பற்றிச் சிந்திக்குந்தோறும் இம்முறை எத்துணைப் பொருத்தமற்றது என்பது எனக்குத் தெளிவாகின்றது. அவ்விழாவுக்குப் புகழ் தேடித் தந்தவர் கலைஞரே. கேட்போர் எதிர்பார்த்து வந்ததைக் கொடுத்த வேளைகளிலும் பார்க்க, எதிர்பாராததைத் துணிந்து கொடுத்த வேளைகளிலேயே அவர்கள் அப்புகழைத் தேடினர்.

நியூபோட், றோட் ஐலன்ட் மாநிலத்திலுள்ள சிறிய துறைமுக நகரம். 18ஆம் நூற்றாண்டில் ஆபிரிக்க அடிமை வாணிபத்திற்குக் கப்பல் அனுப்பிய வட அமெரிக்கத் துறைமுகங்களுள் தலையாயதாக அது விளங்கிற்று. அடுத்த நூற்றாண்டின் பிற்பகுதியிற் பெருஞ்செல்வர் அக்கடலோரத்திற் கோடைகால மாளிகைகளை எழுப்பினர். வண்டர்பில்ட் குடும்பத்தினர் 1895இற் கட்டிமுடித்த மாளிகையில் 70 அறைகள் உள்ளன. இத்தகைய மாளிகைகளை அவர்கள் ‘குடில்கள்’ என்றே அழைத்தனர்! அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் அதே கரையில் மேடையேறிப் பாடும் நாள் ஒன்று வரும் என்று அன்று எவர் எண்ணியிருப்பர்?

அந்த நாள் 1954 யூலை மாதத்தில் வந்தது. லொறிலார்ட் என்னும் செல்வக் குடும்பத்தினர் பொருள் உதவ, பொஸ்ரன் நகரில் இசைவிடுதி நடத்திவந்த பியானோக் கலைஞர் ஜோர்ஜ் வீன், டெனிஸ் ஆட்டத்திற்குப் பெயர்பெற்ற நியூபோட் கசீனோவின் புற்றரையில் ஜாஸ் விழாவைத் தொடக்கினார். மாளிகைவாசிகளுட் பலர் அதனை விரும்பினாரல்லர். எனினும் பில்லி ஹொலிடேயும் எலா பிற்ஸ்ஜெரால்டும் அங்கே பாடினர். டிஸி கிலெஸ்பி ட்ரம்பெற் வாசித்தார். மறு ஆண்டிலே விழா கசீனோவை விட்டு நகரத்தின் பிறீபொடி பூங்காவுக்குப் பெயர்ந்தது.

ஜாஸ் இசையை அறியாதார்க்கு ஒன்று கூறலாம். நம் வித்துவான் கீர்த்தனையின் ஓர் அடியை எடுத்துக்கொண்டு கற்பனைச்சுரம் பாடும்போது, அடுத்த கணம் எச்சுரம் பிறக்கும் என்பதை அவரே முன்கூட்டி அறியார். ஜாஸ் இசையின் உயிரும் அங்கேதான் இருக்கின்றது. ஆதலால் அது மேடையிற் பிறக்கும் கலை. அவையும் பொழுதும் அதனை மாற்றும்.

1955ஆம் ஆண்டு விழாவுக்கு மைல்ஸ் டேவிஸ் இறுதி நேரத்திற் சேர்க்கப்பட்டார். அச்சிட்ட நிகழ்ச்சிநிரலில் அவர் பெயர் இல்லை. போதைப்பழக்கத்தாற் சில ஆண்டுகளாகத் தொழில் தளர்ந்திருந்தவர் அவர். அன்று திலோனியஸ் மங்க் இயற்றிய ‘ரவுண்ட் மிட்னைற்’ என்னும் உருப்படியை, மங்க் பியானோவில் அமர்ந்திருக்க, அவர் ட்ரம்பெற்றில் வாசித்தார். கேட்டிருந்த கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் அவரோடு ஒப்பந்தம் செய்ய முன்வந்தார். நிகழ்ச்சிநிரலில் இடம்பெறாத கலைஞர் ஒருவர் அவ்விழாவின் வரலாற்றில் நிலையான இடம் பெற்றார்.

அடுத்த ஆண்டு யூலை 7ஆம் நாள் டியூக் எலிங்டன் குழுவினர் மேடையேறினர். எலிங்டனின் காலம் முடிந்துவிட்டது என்று விமரிசகர் பேசத் தொடங்கியிருந்த வேளை அது. நள்ளிரவு நெருங்கிற்று, அவையோரிற் சிலர் எழுந்து செல்லலாயினர். 1937இல் தாம் இயற்றிய பழைய உருப்படி ஒன்றை எலிங்டன் எடுத்தார். அதன் இரு பகுதிகளுக்கும் இடையே சக்ஸபோன் கலைஞர் போல் கொன்சால்வஸ் விரும்பிய மட்டும் வாசிக்கலாம் என்பது ஏற்பாடு. அவர் 27 சுற்றுக்கள் இடைவிடாது வாசித்தார். மேடையோரத்தில் இருந்த தாளக் கலைஞர் ஜோ ஜோன்ஸ் சுருட்டிய செய்தித்தாளினாற் தாளமிட்டார். அவையில் ஒரு பெண் எழுந்து ஆடினாள். புறப்பட்டவர் திரும்பினர், இருந்தவர் எழுந்தனர். அடுத்த மாதமே ‘டைம்’ சஞ்சிகை எலிங்டனின் உருவத்தை அட்டையிற் பொறித்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மேடையில் இரண்டு ஒலிவாங்கிகள் இருந்தன. ஒன்று இசைத்தட்டு நிறுவனத்தினுடையது. மற்றது ‘அமெரிக்காவின் குரல்’ வானொலியினுடையது. கொன்சால்வஸ் வானொலியின் ஒலிவாங்கிக்கு நேரே நின்று வாசித்துவிட்டார்! இசைத்தட்டில் அவர் வாசிப்பு மங்கலாகவே பதிந்தது. நிகழ்ச்சியின் ஏனைய பகுதிகளுட் பலவற்றை மீண்டும் கலையகத்திற் பதிந்து, கைதட்டலையும் சேர்த்தே நிறுவனத்தார் இசைத்தட்டை வெளியிட்டனர். பிற்காலத்தில் வானொலியின் ஒலிநாடாக்கள் கண்டெடுக்கப்பட, 1999இல் உண்மை நிகழ்ச்சி வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவன் நான். பழைய இசைத்தட்டிற் செம்மை இருக்கின்றது. புதியதில் அந்த இரவே இருக்கின்றது. கொன்சால்வசின் மூச்சு வாங்குவதும் மீள்வதும் செவிக்கு எட்டுகின்றன. எலிங்டன் தம் குழுவினருடன் 1963இல் இலங்கைக்கும் வந்தார் என்பதை நம்மவர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1958இல் மஹாலியா ஜாக்சன் பாடினார். தேவாலயத்துப் பக்திப் பாடல்களையன்றிப் பிறவற்றை மேடையிற் பாடுவதில்லை என்னும் உறுதி பூண்டவர் அவர். களியாட்ட விழாவில் அவர் பக்திப் பாடலையே பாடினார், அவை அமைதியுற்றது. அவ்வாண்டு விழாவைப் பேர்ட் ஸ்ரேர்ன் திரைப்படமாக்கினார். கடலிற் பாய்விரித்த படகுகளும் அவையோர் முகங்களும் மாறிமாறித் தோன்றும் அப்படம் மஹாலியாவின் பாடலோடு நிறைவு பெறுகின்றது.

புகழோடு கூட்டமும் பெருகிற்று. 1960 யூலை 2ஆம் நாள் இரவு, உள்ளே இடம் கிடையாத இளைஞர் ஆயிரக்கணக்கில் வீதிகளிற் கலகம் விளைவித்தனர். காவற்படையினர் கண்ணீர்ப்புகை வீசினர். நகரசபை விழாவை நிறுத்த ஆணையிட்டது. ஆயினும் மறுநாட் பிற்பகலில் புளூஸ் நிகழ்ச்சி ஒன்றுக்கு மட்டும் இடமளிக்கப்பட்டது. மடி வோர்ட்டர்ஸ் குழுவினர் வாசித்தனர். அவையில் இருந்த கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்ரன் ஹியூஸ், கையிற் கிடைத்த தந்திப் படிவத்தில் நியூபோட்டுக்கு விடைகூறும் பாடல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். பியானோக் கலைஞர் ஒற்றிஸ் ஸ்பான் அதனை அங்கேயே பாடினார்.

அதே நாட்களில், சற்றுத் தொலைவில், கடலைப் பார்த்த விடுதியொன்றில் வேறொரு விழா நடந்தது. கலைஞர்க்கு உரிய ஊதியம் கிடையாமையையும் விழா வாணிபமாகிவிட்டதையும் கண்டித்து, சார்ள்ஸ் மிங்கசும் மக்ஸ் றோச்சும் அதனை நடத்தினர். தாம் வாசிக்கும் மேடையைத் தாமே அமைத்தனர். பெரிய விழா தடைப்பட்டது. சிறிய விழா நிறைவேறிற்று. விழா யாருக்கு உரியது என்னும் வினாவை இதனிலும் தெளிவாய் எவரும் எழுப்பியதில்லை.

அவ்வினாவுக்கு ஒரு விடையை அதன் உடன்பிறப்பான நாட்டார் இசைவிழா தந்தது. 1959இல் தொடங்கிய அவ்விழாவிலேதான் 18 வயதுப் பெண்ணான ஜோன் பயெஸ் முதன்முதல் நாடறியப் பாடினார். இடையில் நின்றிருந்து 1963இல் மீண்டும் கூடியபோது, புகழ்பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் ஒரே ஊதியமாக 50 டொலர் வழங்கும் முறை கொள்ளப்பட்டது. அவ்வாண்டு மேடையேறியவருள் மிசிசிப்பி ஜோன் ஹேர்ட் ஒருவர். 1928இற் சில இசைத்தட்டுக்களிற் பாடிவிட்டு, 35 ஆண்டுகள் பண்ணைத் தொழிலில் மறைந்திருந்த முதியவர் அவர். இசைத்தட்டின் வரியைக்கொண்டே அவர் ஊரைத் தேடிக் கண்டுபிடித்தனர். 1966இல் அவர் மறைந்தார். மூன்றே ஆண்டுகள் உலகம் அவரைக் கேட்டது.

அதே மேடையிலேதான் 1965 யூலை 25ஆம் நாள், 24 வயதுடைய பொப் டிலன் மின்கித்தாரோடு தோன்றினார். முன்னிரண்டு ஆண்டுகளிலும் அவரை நாட்டார் பாடலின் வாரிசாகப் போற்றிய அவையிற் கூச்சல் எழுந்தது. மின்கித்தாரை வெறுத்தா, ஒலி சீர்கெட்டதாலா, மூன்றே பாடல்களோடு இறங்கியதாலா என்று இன்றும் வாதிடுகின்றனர். அவர் தனிக் கித்தாரோடு திரும்பி வந்து மேலும் இரு பாடல்கள் பாடி விடைபெற்றார். பின்னர் 2002இலேதான் அம்மேடையை மிதித்தார். அவையோர் பக்கம் நியாயமே இல்லையென்று நான் கூறேன். தம் நெஞ்சுக்கு நெருங்கிய ஒன்றைக் காக்க எண்ணியோரும் அவர்களில் இருந்தனர். ஆயினும் கலைஞனை நேற்றைய பாடலோடு கட்டிவைத்தல் அவனைக் காப்பதாகாது.

1971இல் வேலியை உடைத்து மேடையேறிய கூட்டத்தால் ஜாஸ் விழா குலைந்தது. மறு ஆண்டு நியூயோர்க்குக்குப் பெயர்ந்தது. 1981இலே கடலோரத்து அடம்ஸ் கோட்டைக்குத் திரும்பி வந்தது. 1985இல் நாட்டார் இசைவிழாவும் அக்கோட்டையில் மறுபிறவி எடுத்தது. படகுகளை நங்கூரமிட்டு அவற்றில் இருந்தபடியே பாட்டுக் கேட்போரை அங்கே காணலாம். இரு விழாக்களையும் வளர்த்த ஜோர்ஜ் வீன் 2021இல் தமது 95ஆவது வயதிற் காலமானார்.

அதற்கடுத்த ஆண்டு, 2022 யூலை 24இல், ஜோனி மிச்சல் அக்கோட்டை மேடையில் அமர்ந்தார். 1960களில் இளம்பெண்ணாக நியூபோட்டிற் பாடியவர் அவர். 2015இல் மூளையில் ஏற்பட்ட குருதிக்குழாய் நோயாற் பேச்சையும் நடையையும் இழந்தவர். தம் பழைய படங்களைப் பார்த்து விரல் வைக்கும் இடங்களை மீளக் கற்றதாக அவரே கூறியிருக்கின்றார். 78 வயதில் அன்று பாடினார். ஓர் உருப்படியைக் கித்தாரில் தனித்தும் வாசித்தார். குரல் தாழ்ந்திருந்தது, பழைய உச்சங்கள் இல்லை. அவர் தம்மிடம் இருந்த குரலுக்கேற்பப் பாடலை மாற்றிக்கொண்டார். உடனிருந்த இளம் பாடகர் கண்கலங்கினர்.

இசை பயிலும் மாணவரும் பயிற்றும் ஆசிரியரும் இவ்விழாவின் கதையிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. நம் ஊர்க் கோயிற் திருவிழாக்களிலும் கழக விழாக்களிலும் எத்தனையோ இரவுகள் இத்தகைய அற்புதங்கள் நிகழ்ந்திருக்கும். அன்று வாசித்தவர் யார், எந்த இராகத்தை எடுத்தார், அவை எவ்வாறு கேட்டது என்பனவற்றை எழுதிவைத்தவர் எத்துணைபேர்? நன்கொடையாளர் பெயரைக் கல்லிற் பொறிக்கின்றோம். நாதசுரக்காரரின் பெயரைக் குறிப்பேட்டிலேனும் எழுதத் தொடங்குவோமாக.